கண்ணாடிக் கடைக்காரரின் தோட்டச் சிந்தனை

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு ரத்தக்கொதிப்பு வந்தது. அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

"மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும். வீட்டுல ஏதாவது தோட்டம் போடுங்க. மனசு அமைதியாகும்" என்றார் டாக்டர். யாருடைய மனசு என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

வீட்டின் பின்பக்கம் துணி காயப்போடும் கொடிக்குக் கீழே ஒரு நீளத் துண்டு இடம் இருந்தது. கடைக்காரர் அங்கே மண் நிரப்பிய பைகளை வரிசையாக வைத்தார். தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய் போட்டார். கொடியின் ஒரு முனையில் பாகலைப் படரவிட்டார். அவருடைய மனைவி ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கும் வேலை பார்க்கிறவர். காலையில் ஆரம்பித்தால் ஓயாமல் ஊசி குத்திவிட்டு வருகிற கை. "நல்லதுதான். காய்க்கடைக்குப் போற வேலை மிச்சம்" என்று மட்டும் சொன்னார். பாவம், நம்பித்தான் சொன்னார்.

முதல் தக்காளி விதை முளைத்த அன்று கடைக்காரர் கடையைத் தாமதமாகத் திறந்தார். மண்ணைப் பிளந்துகொண்டு வந்த அந்தப் பச்சையைப் பார்த்து அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. அது பொய்யில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கண் கலங்கியவர் அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. அந்த வாரம் பிரார்த்தனைக் குழுவில் எழுந்து நின்று அதைச் சொன்னார்.

பிரார்த்தனைக் குழு ஒவ்வொரு வாரமும் ஓய்வுபெற்ற ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவின் குடியிருப்பில் கீழ்த்தளக் கூடத்தில் கூடும். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மின்விசிறி, பெரிய ஃபிளாஸ்கில் டீ. பிரார்த்தனை முடிந்து டீ வருவதற்குள் இருக்கும் இடைவெளியை என்ன செய்வது என்று அம்மாவுக்கு நீண்ட நாளாகவே கவலை. "விதை இருட்டுல கிடக்கும்போது தன்னைக் கைவிட்டுட்டாங்கன்னு நினைக்குது. ஆனா அது புதைக்கப்படல, நடப்பட்டிருக்கு" என்று கடைக்காரர் சொன்னதும் கூடம் கைதட்டியது. ஒரு பாட்டியம்மா மூக்கை உறிஞ்சினார். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா அந்த இடத்திலேயே அறிவித்துவிட்டார்: "இனிமே வாரா வாரம் சார் நமக்குத் 'தோட்டச் சிந்தனை' வழங்குவார்."

கைதட்டல் கெட்ட உரம். கடைக்காரர் ஒரே வாரத்தில் மளமளவென்று வளர்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் எந்தச் செடிக்கும் வெறும் செடியாக இருக்க அனுமதியில்லை. எறும்பு ஊர்ந்தால் விடாமுயற்சி. இலை பழுத்தால் பற்றறுத்தல். களை முளைத்தால் பாவம். அதைப் பற்றிப் பேசி முடிக்கும்வரை பிடுங்கக் கூடாது. வெண்டைக்காய் விரல் நீளத்துக்கு வந்தபோது மனைவி கத்தரிக்கோலோடு போனார்.

"அதைத் தொடாதே!"

"ஏன், பாம்பா?"

"பொறுமையைப் பத்தி அடுத்த வாரம் பேசப்போறேன். அதுக்கு அது வேணும்."

"இப்ப பறிச்சா வதக்கலாம். அடுத்த வாரம் பறிச்சா அடுப்புலதான் வைக்கலாம், விறகா."

"நீ வயித்தால யோசிக்கிறே" என்றார் கடைக்காரர் கனிவாக.

மனைவி கத்தரிக்கோலை ஆணியில் மாட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு காய்க்கடைக்குப் போனார். பின்வாசலில் இத்தனை காய் தொங்க, அந்த வீட்டில் சமைத்ததெல்லாம் கடைக்காய்தான்.

குழுவுக்கு வாரம் ஒரு நாள்தான் இந்தச் சோதனை. கடைக்கு வருகிறவர்களுக்குத் தினமும். கண் பரிசோதனைக்கு உட்கார்ந்தவர் மூக்கில் அந்தக் கனமான வட்டச் சட்டகத்தை மாட்டி, அதில் கண்ணாடி வில்லைகளைச் செருகிவிட்டால் அவரால் எழுந்து ஓட முடியாது; வாசல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கடைக்காரர் ஒரு வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு தக்காளிக்குக் கம்பு ஊன்றிய கதையைத் தொடங்குவார். மனிதனுக்கு ஊன்றுகோல் எது என்பதில் முடிப்பதற்குள், எதிரே தொங்கும் அட்டையில் கடைசி வரி வரைக்கும் தெரிகிறது என்று சொல்லிவிட்டுத் தப்பித்தவர்கள் உண்டு. அவர்கள் மறுபடி வந்து, தலை வலிக்கிறது என்றார்கள். வில்லை வெட்டும் பெண் மெஷினை வேண்டுமென்றே சத்தமாக ஓடவிட்டுக்கொள்வாள்.

இதுவரைக்கும் சிரிக்க இடம் உண்டு. அடுத்து மனிதர்களுடைய காயங்கள் அவர் கண்ணில் படத் தொடங்கின.

முதலில் மாட்டியவன் மச்சான், மனைவியின் தம்பி. அட்டைப்பெட்டி கம்பெனியில் ஆள் குறைப்பு செய்தபோது அவன் வேலை போயிற்று. அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தவனைக் கடைக்காரர் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"மாப்ளே, இதைக் கவாத்துன்னு சொல்வாங்க. கிளையை வெட்டினாத்தான் புதுசா துளிர் விடும். கடவுள் உன்னை வெட்டியிருக்கார்னா உன்மேல நம்பிக்கை வெச்சிருக்கார்னு அர்த்தம்."

மச்சான் சோற்றைப் பிசைந்தபடி கேட்டான். "சரிங்க அத்தான். எனக்குப் பக்கத்து மெஷின் மேனேஜரோட தம்பியோடது. அவனை ஏன் கடவுள் வெட்டல?"

"அவன்... ஆணிவேரா இருக்கலாம்."

"அவன் ஆணிவேரா? வேலைக்கே வரமாட்டானே!"

"வேர் வெளியில தெரியாது மாப்ளே."

மச்சான் அக்காவைப் பார்த்தான். அக்கா இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

குழுவில் ஒரு நீச்சல் டீச்சர் இருந்தார். தோளும் குரலும் அகலமானவர். குழந்தைகளுக்கு நீச்சல் கற்றுக் கொடுக்கிற குளத்தில் வேலை. கல்யாணமாகி நெடுங்காலம் கழித்து அவர் கர்ப்பமானபோது குழுவே சந்தோஷப்பட்டது. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா வாரா வாரம் பெயர் சொல்லிப் பிரார்த்தித்தார். வயிறு வெளியே தெரிகிற நேரத்தில் கரு கலைந்துவிட்டது. கொஞ்ச காலம் அவர் கூட்டத்துக்கு வரவில்லை. பிறகு ஒரு வாரம் கணவரோடு வந்து, கடைசி வரிசையில், வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

கடைக்காரர் அன்றைக்கு மிளகாயைப் பற்றித் தயாரித்து வந்திருந்தார். டீச்சரைப் பார்த்ததும் மிளகாயை விட்டுவிட்டார். அந்த வாரம்தான் புதிதாக விதைத்த கத்தரி நாற்றுகள் நெருக்கமாக முளைத்து, அவர் பாதியைப் பிடுங்கியிருந்தார். விதைப் பொட்டலத்தின் பின்னால் அதற்கு ஒரு சொல் போட்டிருந்தது. அந்தச் சொல் இந்த நேரத்தில் நினைவுக்கு வந்ததைக் கடவுளே அனுப்பியதாக அவர் எடுத்துக்கொண்டார்.

"ஒரே இடத்துல நிறைய நாத்து முளைச்சா நாம என்ன செய்யணும்? சிலதைக் கலைச்சு விடணும். தோட்டக்காரங்க பாஷையே அதுதான், கலைச்சு விடறது. பார்க்கக் கொடுமையா இருக்கும். ஆனா அந்தச் சின்ன நாத்துக்குத் தெரியாது, தோட்டக்காரன் முழுத் தோட்டத்தையும் பார்க்கிறான்னு. நம்மள்ல சிலருக்கும் இப்படிக் கலைஞ்சிருக்கலாம்..." என்று சொல்லி, கடைசி வரிசையை நோக்கி இரண்டு கையையும் அன்போடு நீட்டினார்.

கூடத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. மின்விசிறி மட்டும் தட்டிக்கொண்டு சுற்றியது. தம் பேச்சு இவ்வளவு ஆழமாக இறங்கியதை அவர் இதுவரை பார்த்ததில்லை. டீச்சர் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து போனார். நாற்காலிக்குக் கீழே செருப்பைத் தேடிக்கொண்டிருந்த கணவர், ஒன்றை மாட்டியும் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டும் பின்னாலேயே ஓடினார்.

"அழட்டும். அழுதா பாரம் குறையும்" என்றார் கடைக்காரர், டீ வாங்கிக்கொண்டே.

வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே வந்ததும் மனைவி பேசினார்.

"நான் தினமும் எத்தனையோ பேருக்கு ஊசி குத்தறேன். குத்தறதுக்கு முன்னாடி 'கொஞ்சம் வலிக்கும்'னு சொல்லிட்டுத்தான் குத்துவேன். நீங்க அதுகூடச் சொல்லல."

"நான் ஆறுதல் சொன்னேன்."

"நீங்க ஆறுதலானீங்க. அதுதான் நடந்தது."

கடைக்காரர் இதையும் ஒரு பூச்சித் தாக்குதலாக எடுத்துக்கொண்டார். நல்ல செடியைத்தான் பூச்சி முதலில் கடிக்கும் என்பது அவருடைய முந்தைய சிந்தனைகளில் ஒன்று.

டீச்சர் அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசினால் யார் என்ன சொன்னார்கள் என்று பேச வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா புதிதாக ஒரு யோசனை சொன்னார். "இவ்வளவு கேட்டுட்டோம். ஒரு தடவை அந்தத் தோட்டத்துலயே கூட்டம் வெச்சா என்ன?"

கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. நேரே கடைக்குப் போய், கண் பரிசோதனைக்கு வந்திருந்தவரிடம் சொன்னார். அவருக்குத் தப்பிக்க வழியில்லை, வாழ்த்தினார்.

குறித்த நாளில் குழு வந்து சேர்ந்தது. அதுவரை அவர்கள் கடைக்காரரின் பேச்சில் பார்த்த தோட்டம் ஒரு காடு. கண்ணெதிரே இருந்ததோ, ஆள் ஒருக்களித்து நடக்கிற சந்து. உள்ளே போனவர் வெளியே வர மற்றவர்கள் பின்னோக்கி நடக்க வேண்டியிருந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவின் ஒரு கால் ஹோஸ் பைப்பில் சிக்கியது. பாகல்கொடிக்கு நடுவே துண்டு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது; அதை எடுக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. கை கழுவும் ஆர்வத்தில் குழாயைத் திறந்த பாட்டியம்மா, பக்கத்தில் நின்றவரின் காலுறையையும் சேர்த்துக் கழுவினார்.

"இந்த வெண்டைக்காய் எல்லாம் ஏன் சார் பறிக்காம விட்டிருக்கீங்க? முத்திப்போய் ஒடியவே மாட்டேங்குது" என்றார் ஒருவர்.

"பொறுமைக்காக விட்டது."

"ஓ" என்று அவர் கையிலிருந்த காயை மெதுவாக மண் பையின் பின்னால் மறைத்தார்.

கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு கத்தரிப் பைக்குப் பக்கத்தில் நின்றார். அப்போது பின்கதவு திறந்தது. நீச்சல் டீச்சர் வந்தார், தனியாக. வேலையிலிருந்து நேராக வந்திருப்பார் போல. முடி ஈரமாக இருந்தது, கழுத்தில் விசில் தொங்கியது. எல்லோரும் வழிவிட்டார்கள். வழி என்று அங்கே ஒன்றும் இல்லாததால், சிலர் செடிமேலேயே சாய்ந்தார்கள்.

"வாங்க டீச்சர், வாங்க" என்றார் கடைக்காரர். வாடிய செடி தண்ணீர் தேடி வருவதைப் பற்றி அவர் மனம் அதற்குள் ஒரு வாக்கியத்தைத் தயாரித்துவிட்டது.

"நான் பிரார்த்தனைக்கு வரல சார். ஒண்ணு கேக்கணும். வீட்டுல உட்கார்ந்தா நீங்க சொன்னதே காதுல கேட்டுட்டு இருக்கு. நேர்லயே கேட்டுடலாம்னு வந்துட்டேன்." கத்தரிப் பையைக் காட்டினார். "இதுலதான் கலைச்சு விட்டீங்களா?"

"ஆமாம்மா. இதுலதான்."

"பிடுங்கின நாத்தையெல்லாம் எங்க போட்டீங்க?"

கேள்வி சுலபமாக இருந்ததால் கடைக்காரர் யோசிக்காமல் பதில் சொன்னார். "குப்பைத் தொட்டியில."

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது.

டீச்சர் தலையை ஆட்டினார். குரலை உயர்த்தவே இல்லை. "அப்போ கடவுள் என் குழந்தையை எங்க போட்டார்னு சொல்ல வர்றீங்க?"

பாட்டியம்மா குழாயை மூடினார். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா பள்ளிக்கூடத்தில் எத்தனையோ கலாட்டாவை அடக்கியவர், சட்டென்று, "எல்லாரும் கண்ணை மூடி ஒரு நிமிஷம்..." என்று ஆரம்பித்தார்.

"வேண்டாம்மா. கண்ணு திறந்தே இருக்கட்டும். சார் பதில் சொல்லட்டும்."

கடைக்காரர் வாயைத் திறந்தார். அவரிடம் சிந்தனைக்குப் பஞ்சமா? கவாத்து, எரு, இருட்டில் கிடக்கும் விதை, மழைக்குக் காத்திருக்கும் மண் எல்லாம் வரிசையில் வந்து நின்றன. ஒவ்வொன்றாக எடுத்து அந்த ஈரத் தலைக்கு முன்னால் வைத்துப் பார்த்தார். ஒன்றும் பொருந்தவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, தாம் சொல்லப்போவதை எதிரில் இருப்பவர் காதால் கேட்டுப் பார்த்தார். உடம்பு கூசியது.

"எனக்குத் தெரியல" என்றார்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்" என்றார் டீச்சர். வந்த வழியே போய்விட்டார்.

கூட்டம் அத்தோடு கலைந்தது. பிஸ்கட்டும் டீயும் வைத்திருந்தார்கள்; நின்றுகொண்டே வேகமாகத் தின்றுவிட்டுக் கிளம்பினார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா போகும்போது, "மனசுல வெச்சுக்காதீங்க சார், அந்தப் பொண்ணு இன்னும் துக்கத்துலயே இருக்கா" என்றார், துக்கம் அளவுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாத பொருள் என்பது போல. வேறொரு நாளாயிருந்தால் கடைக்காரர் ஆமோதித்திருப்பார்.

மறுநாள் காலையில் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்குப் பிரார்த்திக்க வேண்டும் போலிருந்தது. வார்த்தை வரவில்லை. யோசித்துப் பார்த்தால், கொஞ்ச காலமாகவே அவர் கடவுளிடம் எதையும் கேட்டதில்லை. கடவுள் என்ன நினைக்கிறார் என்று கடவுளுக்கே விளக்கிக்கொண்டிருந்தார். தக்காளிப் பை நிரம்பித் தண்ணீர் காலில் வழிந்தது. "என்னங்க, தண்ணி!" என்று மனைவி உள்ளேயிருந்து கத்தினார்.

கடையிலும் பேச்சு நின்றது. "இப்ப தெரியுதா? முன்னாடி தெரிஞ்சுதா?" என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. வில்லை வெட்டும் பெண் மெஷினை நிறுத்திவிட்டு, "சார், பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டாள்.

"நான் அந்த டீச்சர்கிட்ட போய்ப் பேசணும். என்ன சொல்றது?" என்று அன்று இரவு மனைவியிடம் கேட்டார்.

"சின்னதா சொல்லுங்க."

"எவ்வளவு சின்னதா?"

"உங்களுக்கு முடிஞ்சதுல பாதி."

நீச்சல் குளத்து வாசலிலேயே ஷூவைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். கடைக்காரர் காலுறையைச் சுருட்டிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு உள்ளே போனார். குளோரின் நெடி மூக்கில் ஏறியது. குழந்தைகள் கரைக்கம்பியைப் பிடித்துக்கொண்டு காலால் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் விசிலும் கையுமாகக் கரையில் நடந்தார். இவரைப் பார்த்தார். நடையை நிறுத்தவில்லை.

"டீச்சர், தண்ணியைப் பார்த்ததும் எனக்கு ஒண்ணு தோணு..." என்று வாய் தானாகத் தொடங்கிவிட்டது. கடைக்காரர் அதைக் கையால் பொத்தாத குறையாக மூடினார். மறுபடி திறந்து, "அன்னைக்கு நான் பேசினது தப்பு. மன்னிச்சிடுங்க" என்றார்.

"மன்னிக்கிறதா வேண்டாமான்னு நான் இன்னும் யோசிக்கல. உங்களுக்கு அவசரமா?"

"இல்ல."

"அப்ப கிளாஸ் முடியட்டும். சும்மா நிக்காதீங்க, அந்த மிதவைப் பலகையெல்லாம் எடுத்து அடுக்குங்க."

கடைக்காரர் அடுக்கினார். ஈரப் பலகைகள் வழுக்கின; அடுக்கியது இரண்டு தடவை சரிந்தது. குழந்தைகள் சிரித்தார்கள். அதிலிருந்து ஒரு பாடமும் எடுக்காமல் மூன்றாம் தடவை அடுக்கினார்.

குழந்தைகள் துண்டைப் போர்த்திக்கொண்டு போன பிறகு டீச்சர் கரையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டார். கடைக்காரர் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். அவருடைய நாக்கு சும்மா இருந்து பழகியதில்லை. வாய்க்குள் புரண்டுகொண்டே இருந்தது.

"எல்லாரும் வந்து ஏதாவது சொன்னாங்க சார்" என்றார் டீச்சர் கடைசியில். "நீங்க மட்டும் இல்ல. கடவுள் வேற நல்லது வெச்சிருக்கார்னாங்க. இன்னும் வயசிருக்குன்னாங்க. என்ன குழந்தைன்னு ஒருத்தரும் கேக்கல."

கடைக்காரர் தண்ணீரையே பார்த்தார். பிறகு கேட்டார். "என்ன குழந்தைம்மா?"

"பொண்ணு."

டீச்சர் கொஞ்சம் அழுதார். பிறகு முகத்தைக் குளத்துத் தண்ணீரிலேயே கழுவிக்கொண்டு, "போங்க, அடுத்த பேட்ச் வந்துடும்" என்றார். மன்னித்தாரா என்று கடைக்காரருக்குக் கடைசிவரை தெரியாது. கேட்கும் துணிச்சலும் வரவில்லை. டீச்சர் குழுவுக்குத் திரும்பவில்லை. ஆனால் கண்ணாடி மாற்ற வேண்டிவந்தபோது கணவரை அவருடைய கடைக்குத்தான் அனுப்பினார்.

மச்சானிடமும் ஒரு நாள் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். "மாப்ளே, அன்னைக்கு உன் வேலை விஷயமா நான் சொன்னது..."

"என்ன சொன்னீங்க?"

"அதான், வெட்டினா துளிர்க்கும்னு..."

"விடுங்க அத்தான். அன்னைக்கு எனக்கு நல்ல பசி. நான் எதையும் காதுல வாங்கல" என்றான் மச்சான். அது ஆறுதலா அவமானமா என்று கடைக்காரருக்குப் புரியவில்லை.

தோட்டச் சிந்தனையை நிறுத்திக்கொள்வதாக ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவிடம் சொன்னபோது அவர் வருந்தினார். வருத்தம் அந்த வாரத்துக்குப் போதுமானதாக இருந்தது. அடுத்த கூட்டத்தில், லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரை எழுப்பி நிறுத்தினார். "இனிமே சார் நமக்கு 'லிஃப்ட் சிந்தனை' வழங்குவார்."

கைதட்டினார்கள். பாட்டியம்மா தயாராகக் கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டார்.

"நாம மேல போகணும்னு பட்டனை அழுத்தறோம். ஆனா லிஃப்ட் கீழ போகுது. ஏன்? கீழ ஒருத்தர் காத்துக்கிட்டிருக்கார்..." என்று லிஃப்ட்காரர் தொடங்கினார். மேலே போனார். கீழே வந்தார். ஒவ்வொரு மாடியிலும் நின்றார். ஃபிளாஸ்கில் டீ ஆறிக்கொண்டிருந்தது. நடுவில் மின்சாரம் போய் லிஃப்ட் நின்றுவிடுவதன் உட்பொருளுக்கு அவர் வந்தபோது, கடைக்காரருக்கு முதுகு வலித்தது, கால் மரத்துப்போயிற்று. மெல்ல மனைவி பக்கம் சாய்ந்தார்.

"நானும் இவ்வளவு நேரமா பேசினேன்?"

"இவர் எவ்வளவோ மேல்" என்றார் மனைவி, லிஃப்ட்காரரிடமிருந்து கண்ணை எடுக்காமல். "நடுநடுவுல தண்ணி குடிக்கிறார்."